கோணற் சால்

ஏர் பிடிப்பவன் முதுகை வளைத்துக் கலப்பையை அழுத்திப் பிடிக்கவில்லையாயின் சால் நேரே செல்லாது. ஒரு பக்கம் கோணிப் போகும். பண்டை உரோமர் இக்கோணலுக்கு ஒரு சொல் வைத்திருந்தனர். இலத்தீன் மொழியில் அது ‘பிரேவாரிக்காத்தியோ’ என வழங்கியது. வயலிலே பிறந்த அச்சொல் பின்னர் நீதிமன்றத்துக்குக் குடிபெயர்ந்தது என்று, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில் எழுதி வைத்தார். ஒருவருடைய வழக்கைத் தலைமேற் கொண்டு, உள்ளூர எதிராளிக்கு உதவுகின்றவனின் குற்றத்துக்கு அதுவே பெயராயிற்று. வரம்பில் நின்று பார்ப்பவனுக்கு ஏர் ஓடுகிறது, மாடு நடக்கிறது, மண்ணும் புரள்கிறது. சால் கோணியிருப்பது கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும்.

இக்காலச் சட்ட நூலார் ‘நலமுரண்’ என்று கூறுவது இதனினும் சற்று விரிந்தது. வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரருக்குக் கடமைப்பட்டிருக்கையில், அக்கடமைக்கு எதிராக இழுக்கும் வேறொரு கடமையோ உறவோ வரும்படியோ அவருக்கு இருக்குமாயின், அந்நிலை நலமுரண் எனப்படும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு போன்றவர் எத்தொழிலிலும் சிலர் உளர். ஆயின் நலமுரணிற் சிக்குவோர் எல்லாரும் விலாங்குகள் அல்லர். நேர்மையான மனிதரும் இரு பக்கமும் கட்டுண்டு நிற்கக்கூடும். அத்தகையவர் பொய் சொல்லார். கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல் விடுவார், அவ்வளவே. கட்சிக்காரர் தோற்பதற்கு அது போதும்.

இதனைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று கி.மு. 70 ஆம் ஆண்டில் உரோம நகரில் நடந்தது. சிசிலித் தீவு உரோமரின் முதல் மாகாணம். அவர்களுடைய தானியக் களஞ்சியமும் அதுவே. கி.மு. 73 முதல் 71 வரை காயுஸ் வெரெஸ் என்பவன் அத்தீவுக்குத் தேசாதிபதியாயிருந்தான். கோயில்களிலும் வீடுகளிலும் இருந்த சிலைகளைக் கவர்ந்தான். உழவரிடம் முறைமீறித் தானியமும் பணமும் பறித்தான். தீர்ப்புகளை விலைக்கு விற்றான். அவன் பதவி நீங்கியதும் சிசிலியர் உரோமுக்கு வந்து முறையிட்டனர். மாகாண மக்களிடம் அதிகாரிகள் கவர்ந்த பொருளை மீட்டுக் கொடுப்பதற்கென்றே அங்கே ஒரு மன்று இருந்தது. ஆனால், இக்காலத்துச் சட்டமா அதிபரைப் போல அரசின் பேரால் குற்றஞ்சாட்டும் அலுவலர் எவரும் உரோமில் இருந்ததில்லை. குடிமகன் ஒருவன் தானாக முன்வந்து வழக்கை ஏற்று நடத்தவேண்டும். சிசிலியரின் நியாயம் முழுவதும், அவர்களுக்காகப் பேச எழும் அந்த ஒருவனுடைய நாவிலேதான் தங்கியிருந்தது.

அவர்கள் நாடிச் சென்றது சிசெரோவை. அவர் கி.மு. 75 இல் சிசிலியின் மேற்குக் கோடியிலுள்ள லிலிபேயம் நகரில் நிதி அதிகாரியாகப் பணிபுரிந்தவர். அங்கே நல்ல பெயர் வாங்கியவர். ஆனால் வேறொருவனும் அவ்வழக்கைத் தனக்கே தரவேண்டுமென்று விண்ணப்பித்தான். அவன் பெயர் குவிந்துஸ் செசீலியுஸ். அவனும் லிலிபேயத்தில் நிதி அதிகாரியாயிருந்தவனே. அவன் இருந்த காலமோ வெரெசின் காலம். பணிபுரிந்ததும் வெரெசின் கீழ். வெரெஸ் தனக்குத் தீங்கிழைத்தான், ஆதலால் குற்றஞ்சாட்டும் முதலுரிமை தன்னுடையது என்பது அவனுடைய வாதம்.

இருவருள் யார் வழக்கை நடத்துவது என்பதைத் தீர்மானிக்க ஒரு முன்விசாரணை நிகழ்ந்தது. உரோமர் அதனை ‘திவினாத்தியோ’ என்றனர். தெய்வக் குறி பார்த்தல் என்னும் பொருளுடைய சொல் அது. சாட்சிகள் இல்லை, பத்திரங்கள் இல்லை, நீதிபதிகள் மனிதரைப் பார்த்தே முடிவு சொல்லவேண்டும். அங்கே சிசெரோ நிகழ்த்திய உரை இன்றும் கிடைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வுரையில், இன்று ஒரு கட்சிக்காரர் தம் வழக்கறிஞரைப்பற்றி அறியவேண்டியவற்றுள் பெரும்பாலானவை அடங்கியிருக்கின்றன.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. பாதிக்கப்பட்டவர்கள் யாரை விரும்புகின்றனர்? சிசிலியர் மன்றிலே வந்திருந்தனர்; செசீலியுஸ் தமக்கு வேண்டாம் என்பதை வெளிப்படையாகவே காட்டினர். வழக்கு எவருடைய துன்பத்தைத் தீர்ப்பதற்காகத் தொடுக்கப்படுகிறதோ, அவர் நம்பாத ஒருவனை அவர் வாயாக நியமிப்பது எங்ஙனம்?

அடுத்தது உறவு. தேசாதிபதியும் அவன்கீழ்ப் பணிபுரியும் நிதி அதிகாரியும் தந்தையும் மகனும் போலக் கருதப்படுதல் உரோமர் வழக்கம். அந்தக் கட்டு பதவிக்காலத்தோடு அறுந்துவிடுவதன்று. செசீலியுஸ் வெரெசைப் பகைத்தான் என்றே கொண்டாலும், அப்பகை பின்னர் சமாதானத்தில் முடிந்ததென்று சிசெரோ எடுத்துக் காட்டினார்.

மூன்றாவதாக அவர் தொட்டது கோதுமைக் கணக்கு. உரையின் கூர்மை அனைத்தும் இங்கேதான் இருக்கிறது. தேசாதிபதி தன் வீட்டுச் செலவுக்கென உழவரிடம் விலை கொடுத்துக் கோதுமை வாங்கிக்கொள்ள மூதவை அனுமதித்திருந்தது. அக்காலத்திற் சிசிலியில் ஏறத்தாழ ஒன்பது லீற்றர் கொள்ளும் ஒரு மரக்கால் கோதுமை 2 செஸ்தெர்சு நாணயத்துக்கு விற்றது, மிஞ்சினால் 3. வெரெஸ் கோதுமை வேண்டாம், அதற்கீடாகப் பணம் தருக என்று கூறி, மரக்காலுக்கு 3 தெனாரியுஸ் வீதம் உழவரிடம் வசூலித்தான். ஒரு தெனாரியுஸ் 4 செஸ்தெர்சுக்குச் சமமாதலின், இரண்டு நாணயப் பொருளுக்குப் பன்னிரண்டு பறித்தான் என்பது கணக்கு. லிலிபேயம் வட்டாரத்திலே பணம் செசீலியுசின் கையாற் புழங்கியது. இக்குற்றத்தை அவன் மன்றிலே எடுத்துரைத்தால் தன்மேலேயே குற்றஞ்சாட்டிக் கொள்வான். எடுத்துரையாமல் விட்டால் உழவர் தோற்பர். எந்த வழியிற் சென்றாலும் அவன் முழு மனத்தோடு பேச இயலாது.

இங்கே செசீலியுஸ் பொய்யன் என்றோ கைக்கூலி பெற்றவன் என்றோ நிறுவவேண்டிய தேவை சிசெரோவுக்கு ஏற்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவனுடைய நிலைமையே அவனைத் தகுதியற்றவனாக்கிற்று. நலமுரண் என்னும் கருத்தின் உயிர்நிலை இதுதான். ஒருவர் தவறு செய்தாரா என்று பின்னர் ஆராய்வது வேறு. தவறு செய்யத் தூண்டும் இடத்தில் அவர் நிற்கின்றாரா என்று முன்னரே பார்ப்பது வேறு.

நியாயத்தின்பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். செசீலியுசின் உரை நமக்குக் கிடைக்கவில்லை; நாம் கேட்பது வென்றவரின் குரல் மட்டுமே. சிசெரோவும் பற்றற்ற துறவியல்லர். அவ்வாண்டில் அவர் ஒரு பதவிக்குப் போட்டியிட்டார். உரோமின் முதல் வழக்கறிஞராகக் கொண்டாடப்பட்ட ஒர்த்தென்சியுசை வெல்லும் வேட்கையும் அவருக்கு இருந்தது. ஆயினும் அவருடைய ஆசையும் சிசிலியரின் தேவையும் ஒரே திசையில் ஓடின. வெரெஸ் தண்டிக்கப்பட்டால் இரு சாராருக்கும் நன்மை. வழக்கறிஞருக்கு ஆசையே இருக்கலாகாதென்று எவரும் கேட்பதில்லை. அது எப்பக்கம் இழுக்கிறது என்பதுதான் கேள்வி.

நீதிபதிகள் சிசெரோவையே தெரிந்தனர். சான்று திரட்ட அவர் 110 நாள் கேட்டுப் பெற்று, 50 நாளில் சிசிலி முழுவதும் சுற்றித் திரும்பினார். ஆகஸ்ட் 5 ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. வழக்கமான நீண்ட தொடக்கவுரையைச் சுருக்கி அவர் சாட்சிகளை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தவே, வெரெஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் மசிலியா என்னும் நகருக்கு நாடுகடந்து போனான். இன்றைய மார்செய்ல் அது. வெரெசுக்காகத் தோன்றிய ஒர்த்தென்சியுஸ், அவனிடமிருந்து தந்தத்தாற் செய்த சுபிங்சு உருவம் ஒன்றைப் பரிசாகப் பெற்றிருந்தாராம். சிசெரோ எதையோ மறைபொருளாகக் கூற, விடுகதை தமக்கு விளங்காது என்றாராம் ஒர்த்தென்சியுஸ். விடுகதைக்குப் பேர்போன சுபிங்சே உமது வீட்டில் இருக்கிறதே என்று சிசெரோ மடக்கியதாகப் புளூட்டாக் எழுதுகிறார். வழக்குரைப்போர் பணமோ பரிசோ பெறலாகாதென்று கி.மு. 204 லேயே ‘சின்சியச் சட்டம்’ தடை செய்திருந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது; சுபிங்சு வீட்டிலே இருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 65 இல் கத்திலீனா என்பவன்மீது அதே வகையான குற்றச்சாட்டு எழுந்தது. அவன் ஆபிரிக்க மாகாணத்தைச் சூறையாடினான் என்பது வழக்கு. அவ்வாண்டில் சிசெரோ தம் நண்பர் அத்திக்குசுக்கு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. கத்திலீனாவுக்காகத் தோன்றலாமா என்று யோசிப்பதாகவும், விரும்பிய நீதிபதிகளே கிடைத்திருப்பதாகவும், குற்றஞ்சாட்டுகின்றவனும் மனமொப்பி ஒத்துழைப்பதாகவும் அதிலே அவர் எழுதுகிறார். அதாவது, ஆபிரிக்க மக்களுக்காகப் பேச எழுந்தவன் எதிராளியோடு கைகோத்திருந்தான்; சிசெரோவுக்கு அது தெரியும்; அதிலே அவர் குறையொன்றும் காணவில்லை. சிசிலியருக்காக முழங்கிய அதே மனிதர் இவர். கத்திலீனா விடுதலை பெற்றான். நலமுரணை எதிரியிடம் காண்பது எளிது, தன் பக்கத்திற்கு வாய்ப்பாக வரும்போது காண்பதுதான் அரிது என்பதற்கு இதனினும் நேரான சான்று கிடைப்பது கடினம்.

பேரரசர் காலத்தில் நிலைமை மேலும் சீர்கெட்டது. கி.பி. 47 இல் நடந்த ஒரு துயரத்தை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் சில சொற்களிலே கூறிச் செல்கிறார். சாமியுஸ் என்பவர் மதிப்புக்குரிய உரோமச் செல்வர். அவர் தம் வழக்கின்பொருட்டுச் சுயில்லியுஸ் என்னும் வழக்கறிஞனுக்கு 4,00,000 செஸ்தெர்சு கொடுத்தார். அந்நாளில் ஒருவர் உரோமப் பிரபு வரிசையிற் சேர்வதற்கு இருக்கவேண்டிய சொத்தின் அளவே அதுதான். பணத்தைப் பெற்றவன் எதிர்ப்பக்கத்தோடு உடந்தையாயிருந்தான் என்பதைப் பின்னர் அறிந்த சாமியுஸ், அவன் வீட்டுக்கே சென்று, அங்கேயே தம் வாளின்மேல் வீழ்ந்து மாண்டார். அவர் இழந்த வழக்கு யாதென்று தாசித்துஸ் சொல்லவில்லை.

அச்சாவு மூதவையை உலுக்கிற்று. பழைய சின்சியச் சட்டத்தை மீண்டும் நடைமுறைப்படுத்துக என்று உறுப்பினர் பலர் குரல் எழுப்பினர். கைம்மாறு இல்லாவிடில் சட்டக் கல்வியே அழிந்துபோம் என்று வழக்கறிஞர் தரப்பு வாதித்தது. குளோடியுஸ் மன்னர் நடுவழி ஒன்று கண்டார். 10,000 செஸ்தெர்சு வரை பெறலாம், அதற்கு மேற் பெறுவது குற்றம் என்பது அவருடைய முடிவு. சற்று ஆராய்ந்து பார்த்தால், இது நோய் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் தடவிய கதையே. சாமியுசைக் கொன்றது கட்டணத்தின் அளவா? அவர் அறியாதிருந்த அந்த இரகசிய உறவன்றோ?

இளைய பிளினியின் கடிதங்கள் இன்னொரு வகைக் கோணலைக் காட்டுகின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். சொலெர்ஸ் என்னும் மூதவை உறுப்பினர் தமது நிலத்திலே வாரச் சந்தை ஒன்று கூட்ட அனுமதி கேட்டார். தம் ஊர்ச் சந்தை கெடும் என்றஞ்சிய விசேத்தியா நகரத்தார் அதனை எதிர்த்து, நொமினாத்துஸ் என்பவரை வழக்குரைக்க அமர்த்தினர். வழக்கு எடுக்கப்பட்ட நாளில் அவர் வரவில்லை. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மூதவையிற் கேட்டபோது, முதலில் 6,000 செஸ்தெர்சும் மறுமுறை 1,000 தெனாரியுசும் என்றனர் நகரத்தார். கூட்டிப் பார்த்தால் சரியாக 10,000 செஸ்தெர்சு. குளோடியுசின் எல்லையை ஒரு காசும் தாண்டவில்லை!

நொமினாத்துஸ் தம் பிழையை ஒளிக்கவில்லை. வழக்குரைக்கவே வந்ததாகவும், மூதவை உறுப்பினர் ஒருவரை எதிர்த்து நிற்றல் நன்றன்று என நண்பர்கள் அச்சுறுத்தவே பின்வாங்கியதாகவும் கண்ணீர் மல்கச் சொன்னார். தம்மிடம் குறைந்தது உறுதியே, நேர்மையன்று என்பது அவர் கூற்று. அவர் எவரிடமும் கையூட்டுப் பெறவில்லை. தம் எதிர்காலத்தைப்பற்றிய அச்சம் ஒரு பக்கமும், வெளியூர்க் கட்சிக்காரர் மறு பக்கமுமாக நின்றபோது, அச்சம் வென்றது. பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு மூதவை அவரை விடுவித்தது. அவரை ஐந்தாண்டுக்கு வழக்குரைப்பதினின்றும் விலக்கவேண்டுமென்று சொன்னவர் ஒருவரே. அவருடன் எவரும் சேரவில்லை.

கி.பி. 533 இல் யுஸ்தீனியன் மன்னர் ஆணையால் வெளியான ‘தைஜெஸ்து’ என்னும் சட்டத் தொகுதியில், கோணற் சாலுக்கென்றே ஒரு தலைப்பு இடம்பெற்றது. எதிர்ப்பக்கத்துக்கு உதவித் தன் பக்கத்தைக் காட்டிக்கொடுப்பவனே அக்குற்றவாளி என்று உல்பியன் என்னும் சட்ட அறிஞர் அதிலே விளக்குகிறார். நுணுகிப் பார்த்தால் அப்பெயர் குற்றஞ்சாட்டுவோனுக்கே உரியது. எனினும் தன் கட்சியைக் காட்டிக்கொடுக்கும் வழக்கறிஞனும் தனியே தண்டிக்கப்படுவான் என்பது அவர் வாக்கு.

அந்த உரோமச் சட்டம் ஒல்லாந்து நாட்டு வழக்கங்களோடு கலந்து, ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையின் கரையோரங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் 1799 செப்ரெம்பர் 23 ஆம் நாட் பிரகடனத்தால் அதனைத் தொடர்ந்து நிலைபெறச் செய்தனர். ஆயினும் இந்நாட்டு வழக்கறிஞர் தொழில் ஆங்கில முறையைத் தழுவியே வளர்ந்தது. பாட்டன்மார் ‘அப்புக்காத்து’ என்றும் ‘பிறக்கிறாசியார்’ என்றும் அழைத்த இரு பிரிவினரையும் 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கிச் ‘சட்டத்தரணி’ என்னும் ஒரே பெயரில் அடக்கிற்று. அவர்களுடைய நடத்தைக்கும் ஒழுக்கத்துக்குமான விதிகளை உயர் நீதிமன்றம் 1988 இல் வகுத்தது.

சிசிலியரின் கேள்வி இந்நாட்டுக் கச்சேரி வாசலில் நிற்பவருக்கும் உரியதே. தந்தையார் விட்டுச் சென்ற காணியைப் பிரிக்கும் இரு சகோதரரை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரே சட்டத்தரணியிடம் செல்கின்றனர். ஒற்றுமை நிலவும்வரை அதிலே குற்றமில்லை, செலவும் குறையும். கிணறு எவர் பங்கில் விழுவது என்னும் கேள்வி எழுந்த கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. தம்பி அந்தரங்கமாகச் சொன்னதை அண்ணனிடம் மறைத்தால் அண்ணனுக்குத் துரோகம், சொன்னால் தம்பிக்கு. அந்நிலையில் இருவரையும் வேறு வேறு சட்டத்தரணிகளிடம் அனுப்புவதே அவருக்குள்ள ஒழுங்கான வழி. குற்ற வழக்கிலே ஒருமிக்கச் சிக்கிய இருவர் ஒருவரையே அமர்த்துவது இதனினும் ஆபத்து. ஒருவனுக்கு வாய்த்த சிறந்த எதிர்வாதம், செய்தவன் மற்றவன் என்பதாகவும் இருக்கலாமல்லவா?

ஆகவே சட்டத்தரணியிடம் முதன்முதல் செல்பவர் தம் கதையைத் தொடங்குமுன் எதிராளியின் பெயரைச் சொல்லிவிடுதல் நன்று. அவருக்காக முன்னர் தோன்றியதுண்டா, உறவோ கொடுக்கல் வாங்கலோ உண்டா என்று வினாவுதல் எவரையும் அவமதிப்பதன்று. தொழில் அறிந்த சட்டத்தரணி அதனை எதிர்பார்த்தே இருப்பார். கதை முழுவதையும் கொட்டிய பின்னர் உறவு வெளிப்பட்டால் இருவருக்கும் சங்கடம். இரகசியம் வெளியே வந்துவிட்டது, வழக்கையோ அவர் நடத்த முடியாது. காணித் தரகரே சட்டத்தரணியையும் கூட்டிவந்தால், அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் யாரென்று கேட்டறிவதும் தகும்.

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் கட்சிக்காரருக்கு இரண்டு காவல்களைத் தருகிறது. சட்டத்தரணி தம் கட்சிக்காரரிடம் ஒரு சொத்தை வாங்கி, அக்கொள்வனவு பற்றிக் கட்சிக்காரர் வழக்கிட்டால், அது நல்லெண்ணத்தோடு நடந்ததென்று நிறுவும் பாரம் சட்டத்தரணியையே சாரும். 111 ஆம் பிரிவின் கருத்து இது. 126 ஆம் பிரிவு, தொழில் முறையில் கேட்டறிந்ததைக் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி அவர் வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டவிரோதமான காரியமொன்றை நிறைவேற்றுதற்பொருட்டுச் சொல்லப்பட்ட சொல்லுக்கு இக்காவல் இல்லை. மற்றெல்லாவற்றுக்கும், வழக்கு முடிந்து, கட்டணம் தீர்ந்து, கட்சிக்காரர் வேறொரு சட்டத்தரணியை நாடிப் போன பின்னரும், அக்கடமை பழையவர்மேல் அப்படியே நிற்கிறது.